மஸ்டர்டின் வண்டி

இங்கிலாந்தில் லட்லோ என்ற ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் தொண்ணூறு வீட்டுவண்டிகள் வந்து நின்றிருந்தன. அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டிகள். தொண்ணூறும் வெள்ளை. ஏப்ரல் மழை முதல் நாளே பிடித்துக்கொண்டு விடுவேனா என்றது.

சனிக்கிழமை காலை ஹெட்லி தேநீர்க் கூடாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். வீட்டுவண்டிச் சங்கத்தார் கூடும் இடத்திலெல்லாம் சக வண்டிக்காரர்களின் சந்தேகங்களைத் தீர்த்துவைப்பது அவர் வேலை. கூரை ஒழுகினாலும் பம்பு இருமினாலும், கேட்கிறவர் வாய் மூடும் முன் பதில் வந்துவிடும். ‘டாக்டர்’ என்று பட்டமே கட்டிவிட்டார்கள். பட்டம் யார் தலைக்குத்தான் ஏறாது?

பதினோரு மணிக்குச் சிவப்பு மழைக்கோட்டும் குட்டைக்கால் நாயுமாக ஒரு அம்மாள் வந்தார். வீட்டுக்காரருக்குச் சளி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார், காற்று உள்ளே வராமலிருக்க வண்டியை ஒட்டிக் கூடாரம் கட்டியிருக்கிறோம் என்று நீட்டி முழக்கினார். மேசைக்கு முன்னால் இன்னும் ஆறு பேர் நின்றார்கள்.

“விஷயத்துக்கு வாங்கம்மா,” என்றார் ஹெட்லி.

“சுவத்துல மாட்டியிருக்கிற அந்த அலாரம் காலைலேர்ந்து கத்திக்கிட்டே இருக்கு. இவருக்குத் தூக்கமே இல்ல.”

“பேட்டரி தீர்ந்திருக்கும். கழட்டி வச்சிடுங்க. ஊருக்குப் போய்ப் புதுசு போட்டுக்கலாம்.”

அம்மாள் நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஹெட்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு நெட்டை மனிதர் தன் அலாரத்தையே கையில் எடுத்துக்கொண்டு வந்தார். ‘கீச்’சென்று ஒரு தடவை, நிமிஷத்துக்கு ஒன்று. ஹெட்லிக்கு இது வெல்லம் சாப்பிடுகிற மாதிரி. நாலு பேர் காதிலும் விழட்டும் என்று குரலை உயர்த்தினார்.

“ஒரு தடவை கத்தினா பேட்டரி. விட்டு விட்டு நாலு நாலா கத்தினா நச்சு வாயு. அதுக்கு வாசனை கிடையாது, நெறம் கிடையாது. அப்போ பேட்டரியைத் தேடாதீங்க, கதவைத் திறந்து வெளியே ஓடுங்க.”

சொல்லி முடித்ததும் கூடார வாசலைத் திரும்பிப் பார்த்தார். கத்திக்கொண்டே இருக்கிறது என்றுதானே அந்த அம்மாள் சொன்னார்? எத்தனை தடவை என்று இவர் கேட்கவேயில்லை. ஹீட்டரின் புகை வெளியேறும் துளை வண்டியின் பக்கவாட்டில் இருக்கும். அதை மூடிக் கூடாரம் கட்டியிருக்கிறார்கள்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஹெட்லி மழையில் இறங்கினார்.

எந்த வண்டி? அம்மாள் பேர் என்ன? இந்தச் சங்கத்தில் பத்து வருஷம் பழகியவருக்கும் அடுத்தவர் பேர் தெரியாது, நாயின் பேர்தான் தெரியும். நாயின் பேர் ஞாபகம் வந்தது. காலடியில் வந்து மோந்தபோது அம்மாள் அதைப் பேர் சொல்லி அதட்டினாரே. மஸ்டர்ட்.

“மஸ்டர்ட் எந்த வண்டி?”

முதல் வரிசையில் கைவிரித்தார்கள். இரண்டாம் வரிசையில், நாயைத் தொலைத்துவிட்டு டாக்டர் அலைகிறார் என்று சிரித்தார்கள். சேற்றில் வழுக்கி முழங்கால் தரையில் இடித்தது. எழுந்தார். ஐயோ, ஒரு ஆளைக் கொன்றுவிட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது. காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் ஜன்னல் வழியாகக் கத்தியை நீட்டிக் காட்டினார்.

“வேலியோரம், கடைசி. அவங்க நாயோட நடக்கப் போயிருக்காங்களே.”

கூடாரம் அடிவரை இழுத்து மூடியிருந்தது. ஜிப்பைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார், ஹீட்டரை அணைத்தார். கிழவர் கட்டிலில் கன்னம் சிவக்கக் கிடந்தார். தலையணையில் வாந்தி. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. அக்குளில் கைகொடுத்து இழுத்தார்; உடம்பு கல்லாய்க் கனத்தது. பின்னாலேயே ஓடிவந்த நெட்டை மனிதர் கால்களைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக அவரை மழையில் கொண்டுபோய்ப் புல்லில் கிடத்தினார்கள்.

ஹெட்லி அந்த மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறியது. இறங்கியது. மறுபடி ஏற யுகமாயிற்று.

நெட்டை மனிதர் போன் போட்டு வரவழைத்த ஆம்புலன்ஸ் வருவதற்குள் கிழவர் முனகத் தொடங்கியிருந்தார். சிவப்புக் கோட்டு அம்மாள் நாயோடு ஓடிவந்து சேற்றிலேயே உட்கார்ந்தார். ஆம்புலன்ஸில் வந்த பெண் முகமூடியைப் பொருத்தி ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டு, பிழைத்துக்கொள்வார் என்றாள். உள்ளே போய் வந்தவள் கையில் அலாரமும், தனியாக இரண்டு பேட்டரியும்.

“இதை யார் கழட்டினது?”

அம்மாள் ஹெட்லியை ஒரு கணம் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“நான்தான். தெரியாம செஞ்சிட்டேன்.”

அதோடு விட்டிருக்கலாம். நெட்டை மனிதர் ஹெட்லியின் முதுகைத் தட்டி, நல்ல நேரத்தில் ஓடி வந்தீர்கள் டாக்டர் என்று வேறு சொல்லிவிட்டார்.

“அவங்க இல்ல,” என்றார் ஹெட்லி. “நான்தான் கழட்டச் சொன்னேன். என்ன ஏதுன்னு கேக்காம சொன்னேன்.”

முதுகிலிருந்த கை மெல்ல விலகியது.

பிற்பகலில் அவர் மேசைக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு வண்டியாகக் கதவைத் தட்டி, அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டச் சொன்னார். சிலர் தேநீர் கொடுத்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எண்பத்தொன்பது வண்டி முடிய மணி ஐந்தாயிற்று. கடைசியாகத் தன் வண்டிக்கு வந்தார். மனைவி வெர்னா ஹீட்டர் பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஹெட்லி கையை உயர்த்திப் பொத்தானை அழுத்தினார். சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினார். பிறகு மூடியைக் கழற்றினார். உள்ளே காலி.

“அதுல என்ன தேடுற?” என்றார் வெர்னா, தலை நிமிராமல். “கிறிஸ்துமஸ் அன்னிக்கு டிவி ரிமோட்டுக்கு நீதானே எடுத்துப் போட்ட.”