மணம் தேடிப் போன சனிக்கிழமை

குன்னூர்க்காரர்கள் யாரும் ஊட்டியைச் சுற்றிப் பார்க்கப் பஸ் ஏறுவதில்லை. ஆஸ்பத்திரிக்கோ கலெக்டர் ஆபீசுக்கோ போவார்கள், வேலை முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். வாசுகி அந்தச் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனது வர்க்கி பிஸ்கட் தின்னவும், பூக்கடையில் நிற்கவும், தைலக் கடையில் மூக்கை நீட்டவும்தான் என்றால் பெற்ற தாயே நம்பமாட்டாள். அதனால் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவளுக்கு மணம் தெரியாமல் போய் எட்டு மாதம் ஆகிறது. ஒரு காய்ச்சல் வந்தது, ஐந்து நாளில் போயிற்று, போகும்போது மூக்கில் இருந்ததையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு போயிற்று. வேறொருத்தியாக இருந்தால் குழம்பு ருசிக்கவில்லை என்று நாலு நாள் புலம்பிவிட்டுப் பழகிக்கொள்வாள். வாசுகிக்குப் பிழைப்பே மூக்கும் நாக்கும்தான். ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்த்து மதிப்புப் போடும் குன்னூர்க் கம்பெனி ஒன்றில் அவள் டேஸ்டர். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்தவளின் மகள். அந்தக் கம்பெனியில் முதலில் சேர்ந்தது கோப்பை கழுவத்தான். கழுவுகிற கோப்பையில் மிஞ்சியதை ருசி பார்த்து, இது இன்ன ஃபாக்டரிச் சரக்கு என்று அவள் சொல்லப்போக, பழைய டேஸ்டர் அசந்துபோய் மேஜைக்குக் கூட்டிவந்துவிட்டார். அதற்குப் பதினாறு வருஷம் ஆயிற்று.

இந்த எட்டு மாதத்தையும் அவள் ஏமாற்றியே ஓட்டினாள். தேயிலைச் சாயத்தின் நிறத்தையும் வெந்த இலையின் நிறத்தையும் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். மீதியைப் பக்கத்தில் நின்று கூடவே உறிஞ்சித் துப்புகிற உதவிப் பெண்ணின் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் போன மாதம் புகைவாடை பிடித்த சரக்கு ஒன்றுக்கு நல்ல மதிப்புப் போட்டுவிட்டாள். மேனேஜர் கத்தவில்லை. திங்கட்கிழமை நாற்பது கோப்பை வைக்கிறேன், இலையைப் பார்க்காமல் தனியாக ருசி பார்த்துச் சொல்லுங்கள், அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். கத்தியிருந்தால் தேவலை.

கோயம்புத்தூர் டாக்டர் கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம் என்று நாலு சாமான்களைத் தினமும் மோந்து பழகச் சொல்லியிருந்தார். வீட்டில் மோந்து மோந்து மூக்குத்தான் சிவந்தது. ஊட்டியில் எல்லாம் புதிதாக, ஏராளமாக இருக்கும், ஒரே நாளில் அத்தனையையும் உள்ளே இழுத்தால் ஏதாவது ஒன்றுக்காவது மூக்கு மசியாதா என்று நினைத்தாள். பைத்தியக்காரத்தனம்தான். கைவசம் இரண்டே நாள் இருக்கிறவள் வேறு எதைச் செய்வாள்?

ஊட்டி நல்ல ஊர், அன்றைக்கு அதுவே பெரிய தொந்தரவாகப் போயிற்று. தனியாக ஒரு பெண் கடை கடையாக ஏறி இறங்கினால் வேறு ஊரில் முறைப்பார்கள். இங்கே டூரிஸ்ட் என்று நினைத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கையில் வைத்தார்கள். பேக்கரி கொர்னேலியஸ் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த வர்க்கியைத் தாளில் மடித்துக் கொடுத்து, தெரு முனையிலேயே வாசம் இழுத்திருக்குமே என்று கேட்டார். ஆமாம் என்றாள். வாயில் மொறுமொறுவென்று நொறுங்கியது. உப்பும் இனிப்பும் தெரிந்தன, நெய் தெரியவில்லை. சாக்லேட் கடையில் நாலு தினுசில் துண்டு நறுக்கித் தந்தார்கள், நாலும் அவளுக்கு ஒன்றாகத்தான் இருந்தன. மார்க்கெட் பூக்காரம்மா ஒரு ரோஜாவை அவள் தலையில் தானே செருகிவிட்டு அழகு பார்த்தார். எல்லாரிடமும் மணமாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, மத்தியானத்துக்குள் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

தைலக் கடை வைத்திருந்த சுப்பண்ணனுக்குப் பூர்வீகம் அன்னூர்ப் பக்கம். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பினாலும் அனுப்புவார், வெறும் மூக்கோடு அனுப்பமாட்டார். பாட்டிலைத் திறந்து நீட்டியவர், அவள் மோந்த விதத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஏனுங்க, இப்படிப் பட்டும் படாம மோந்தா என்ன தெரியும்? நல்லா இழுங்க."

இழுத்தாள். மூக்கின் உச்சிக்குச் சுரீரென்று ஏறியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, தொண்டை குளிர்ந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக மூக்குக்குள் ஏதோ நடந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். சுப்பண்ணன் பதறிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சில பேருக்கு இது ஒத்துக்கொள்ளாது என்று தண்ணீர் கொடுத்தார். ரொம்ப நன்றாக ஒத்துக்கொண்டது என்று வாசுகி சொன்னாள். இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்துவிட்டது, மெல்ல மெல்ல மற்றதும் வந்துவிடும், திங்கட்கிழமை நாற்பது கோப்பையையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். சந்தோஷம் வந்தால் புத்தி கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். அவளுக்கும் ஒதுங்கி நின்றது.

அந்தச் சந்தோஷத்தோடு ஏறியதுதான் காளியம்மாளின் கடை. பாதிக் கடையில் ஸ்வெட்டர் வியாபாரம், மீதிப் பாதியில் டீ. காளியம்மாளுக்கு அறுபது வயதிருக்கும், கோயம்புத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். காலையிலிருந்து யாரிடமும் உண்மை பேசாத வாசுகி, அவர் ஊர் விசாரித்ததும் தான் குன்னூர் டேஸ்டர் என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். காளியம்மாள் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஒரு வாரமா எல்லாரும் பாதி டம்ளரோட வெச்சுட்டுப் போயிடறாங்க கண்ணு. பால மாத்திப் பாத்துட்டேன். தூள்ல ஏதாச்சும் குத்தமான்னு நீ பாத்துச் சொல்லு. எனக்கு ஒண்ணும் புரிபட மாட்டேங்குது."

வாசுகி தூளை உள்ளங்கையில் கொட்டிப் பரப்பினாள். பால் இல்லாமல் சாயம் இறக்கச் சொன்னாள். கரண்டியில் எடுத்து, கடையே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, வெளியே போய்த் துப்பினாள். நிறம் நன்றாக இருந்தது. நாக்கில் பிடிப்பு இருந்தது. மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. டேஸ்டர் மேஜையில் மூக்கு பேசாமல் இருந்தால் குற்றம் இல்லை என்று அர்த்தம். பதினாறு வருஷப் பழக்கத்தில் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

தூள் நல்ல தூள், ஒரு குறையும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். காளியம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அப்போது டாக்ஸி ஓட்டும் ஒச்சப்பன் வந்தார், அந்தக் கடையில் தினமும் டீ குடிப்பவர். ஒரு வாய் குடித்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சொல்லக் கூடாதென்று இருந்தேன், ஒரு வாரமாக அந்துருண்டை வாசம் அடிக்கிறது என்றார். காளியம்மாள் சிரித்தார். குன்னூரில் தேயிலைக்கு மதிப்புப் போடுகிற பொண்ணே குடித்துப் பார்த்து நல்ல தூள் என்று சொல்லிவிட்டது, நீ என்ன பெரிய ஆளா என்று கேட்டார். ஒச்சப்பன் வாசுகியை மரியாதையாகப் பார்த்தார்.

"அப்படீங்களா? அப்ப என் மூக்குதான் கெட்டுப்போச்சுங்க" என்று டம்ளரை மறுபடி எடுத்தார்.

வாசுகி அலமாரியைப் பார்த்தாள். கம்பளித் துணிகளுக்கு நடுவே டீத்தூள் டப்பா, அதன் மூடி சரியாக மூடவில்லை, பக்கத்திலேயே அந்துருண்டைப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. தேயிலை எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது கோப்பை கழுவின நாளிலேயே கற்ற பாடம். நாள் முழுக்க அதே வாசனையில் உட்கார்ந்திருக்கிற காளியம்மாளுக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. வாசுகி எழுந்துபோய் ஓர் உருண்டையை எடுத்து மூக்கில் வைத்து, நெஞ்சு முட்ட இழுத்தாள். பச்சைத் தண்ணீரை மோந்த மாதிரி இருந்தது. எரிச்சலை மணம் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள், செத்த மூக்கையும் தைலம் எரிக்கும் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"குடிக்காதீங்கண்ணா" என்றாள். "மூக்கு போனது எனக்குங்க. உங்களுக்கு நல்லாத்தான் இருக்குது."

இரண்டு பேரும் முதலில் விளையாட்டு என்று நினைத்தார்கள். அந்துருண்டைப் பொட்டலத்தைக் காட்டிவிட்டு, காய்ச்சலிலிருந்து திங்கட்கிழமை வரைக்கும் அவள் சொல்லி முடித்தபோது ஒச்சப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். தப்பாகத் தீர்ப்புச் சொன்னதற்காகக் காளியம்மாள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று வாசுகிக்கு இருந்தது. மேனேஜருக்குப் போனில், எனக்கு மணம் தெரியவில்லை சார், திங்கட்கிழமை கோப்பை வைக்க வேண்டாம் என்று எழுதி அனுப்பினாள். உடனே பதில் வந்தது. நீங்கள் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன், வந்து கணக்கு முடித்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. பதினாறு வருஷத்துக்கு ஒரு வரி.

காளியம்மாள் தூளைத் தொடாமல் பாலை மட்டும் காய்ச்சினார். இஞ்சியை நிறையத் தட்டி, ஏலக்காய் நசுக்கி, கிராம்பு போட்டுக் கொதிக்கவிட்டுக் கொண்டுவந்தார். அவள் கைகளைத் தன் கைகளால் பொத்தி டம்ளரைப் பிடிக்கவைத்தார். வாசுகி ஒரு மிடறு விழுங்கினாள். இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏதாச்சும் தெரியுதா கண்ணு?"

காலையிலிருந்து சொன்னதையே இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம், அவர்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

"எரியுதுங்கம்மா" என்றாள் வாசுகி. "அவ்வளவுதான்."