வேலி அரக்கியவர்

எட்டு வருடம் வரிசையில் காத்திருந்து, எல்லிங்ஸ்ருட் குடியிருப்பின் பொதுத் தோட்டத்தில் ஆரணிக்குப் பயிர் செய்ய ஒரு துண்டு நிலம் கிடைத்தது. தோட்டச் சங்கத்தின் கடிதத்தோடு போய்ப் பார்த்தால், அங்கே பக்கத்துத் துண்டுக்காரர் இந்திரகுமார் குனிந்து நின்று லீக்ஸ் நடுகிறார்! பஸ் ஓட்டுகிற மனிதர். கேட்பாரற்றுக் கிடந்த நிலத்தில் ஆறு வருடமாகக் கல் பொறுக்கி, பாதியைப் பொன்னாக்கி வைத்திருந்தார். மீதிப் பாதி இன்னமும் கல்லும் முள்ளும்தான்.

ஆரணி கடிதத்தை நீட்டினாள். அவர் வாசிக்கவேயில்லை. மண் ஒட்டிய கைகளை விரித்துக் காட்டி, தன்னுடைய காணி உறுதிப் பத்திரம் இதுதான் என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருடம்! விடுவாளா? தோட்டச் சங்கத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினாள். காலையில் அனுப்பலாம் என்று படுத்தாள்.

காலையில் பள்ளிக்கூடம். ஆரணி சரித்திர ஆசிரியை. வேண்டுமென்றே வந்ததுபோல அன்றைய பாடம் பழைய அமெரிக்கா: காடு வெட்டிக் குடியேறிய ஏழைகள் ஒருபக்கம், பொஸ்டனில் இருந்தபடியே உறுதியைக் காட்டிய சொந்தக்காரர் மறுபக்கம். வருடா வருடம் குடியேறிகளுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவள் இன்றைக்குப் புத்தகத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டு போனாள். முன்வாங்கில் இருந்த மாணவி சாருகா, கடைசியில் யார் வென்றது என்று கேட்டாள். திருத்திய உழைப்புக்கு மதிப்புக் கொடுக்காமல் நிலத்தை எடுக்க முடியாது என்று அங்கே ஒரு சட்டம் வந்தது என்றாள் ஆரணி. சொல்லி முடிக்கவும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

முறைப்பாட்டை அழித்தாள். பின்னேரமே போய், கல்லுப் பாதியைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். இந்திரகுமார் தடி வெட்டிக்கொண்டு வந்தார். இருவருமாகத் தடி நட்டு, கயிறு கட்டி, நடுவில் வேலி போட்டார்கள்.

மறுவாரம் வந்தால் வேலி இடம் மாறியிருக்கிறது! ஊர்ப் புத்தி போகுமா? யாழ்ப்பாணத்தில் பக்கத்து வளவுக்காரர் கண்ணில் மண்ணைத் தூவி அரை அடி அரை அடியாக வேலியை நகர்த்தி அரக்குகிற கதைகளை அப்பா நிறையச் சொல்லியிருக்கிறார். கொதித்துக்கொண்டே அளந்தாள்.

வேலி மூன்றடி தள்ளி நின்றது. அதுவும் அவருடைய பக்கம். கறுத்த மண்ணும் ஒரு வரிசை லீக்ஸும் இப்போது அவளுடையவை.

“அங்கிள், வேலி அரக்கினனீங்களோ?”

“ஓம் பிள்ளை. ஒரு அடிக்காக எங்கடை அப்பா இருவது வரியம் வழக்குப் பேசிக் கோடேறினவர். நானும் ஒருக்கா அரக்கிப் பாப்பம் எண்டு.”

ஆரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த நாள், அவர் பஸ் எடுக்கப் போன நேரம் பார்த்து, ஒன்றரை அடியைத் தன் பக்கமாகத் திருப்பி அரக்கினாள்.