பனித்தரையில் இரண்டு சூப்பர்வைசர்கள்

1

இந்தக் கதை எனக்கு அபுதாபியின் ருவைஸிலிருந்து வந்த ஒரு தொலைபேசிப் பேச்சில் கிடைத்தது. அங்கே சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்க்கும் நண்பர், தன் புது மேனேஜரைப் பற்றிச் சொன்னார். கனடாக்காரர். நாம் கிரிக்கெட்டுக்குக் காட்டும் பைத்தியத்தை அவர்கள் ஐஸ் ஹாக்கிக்குக் காட்டுகிறார்களாம். இறுதிப் போட்டியன்று கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டாராம்.* நான் சிரித்தேன். நண்பர் சிரிக்கவில்லை. உடனே பேனாவைத் தேடினேன்.

(*உங்கள் நாட்டில் வேறு விளையாட்டே கிடையாதா என்று நண்பர் கேட்டதற்கு, "இருக்கு, பனி உருகுற மாசங்கள்ல பொழுது போகணுமே" என்றாராம்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாலைவனத்தில் பனி பெய்தால்...'

வேண்டாம். பெய்யவில்லை. அபுதாபியில் கூரை போட்ட பனித்தளம் இருக்கிறது, வெளியே தார் உருகுகிறது, அவ்வளவுதான்.

மறுபடி. உமாபதி, கோவில்பட்டிக்காரர், ஆலையின் பராமரிப்புப் பிரிவில் சூப்பர்வைசர். இன்னொரு சூப்பர்வைசர் லாகூர் அஸீம். அடுத்த மாதம் முதல் ஒருவர் போதும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அது யார் என்பது மேனேஜர் ராஸ் கையில். வேலை போனால் விசா போகும். உமாபதியின் மகள் சம்யுக்தா பொதுத்தேர்வுக்கு முன் பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும்.

(மகளைக் கொண்டுவந்தது உங்களைப் பதற வைக்க. பதறிக்கொண்டிருப்பது நான்.)

3

வளைகுடாவில் மேலதிகாரியிடம் 'தெரியாது' என்று சொல்லும் வழக்கம் இல்லை. முதலில் தலையை ஆட்டிவிட்டு, பிறகு ஓடிப்போய்க் கற்றுக்கொள்வார்கள். கோவில்பட்டி மண்தரையில் ஹாக்கி ஆடியவர்தானே, சனிக்கிழமை எங்கள் ஐஸ் ஹாக்கி டீமுக்கு ஆள் குறைகிறது, சறுக்கத் தெரியுமா என்று ராஸ் கேட்டார். உமாபதியின் வாய் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது: "நோ ப்ராப்ளம், சார்."

வீட்டில் மனைவி பத்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஃப்ரிட்ஜைத் திறந்தாலே தும்முற ஆளு நீங்க. இப்பவே போன் போட்டுத் தெரியாதுன்னு சொல்லிருங்க."

"சொன்னா, வேற எதெல்லாம் தெரியாமத் தெரியும்னு சொன்னேன்னு யோசிப்பாருல்ல?"

சம்யுக்தா வீடியோ தேடிக் காட்டினாள். அதில் ஐந்து வயதுப் பிள்ளைகள் பறந்துகொண்டிருந்தார்கள். முழங்காலை மடக்கினால் போதும், ஈஸிப்பா என்றாள். உமாபதி சோபாவைப் பிடித்தபடி மடக்கிப் பார்த்தார்.

4

இந்த இடத்தில் அஸீமை வில்லனாக்க நினைத்தேன். 'அஸீம் ஓரக்கண்ணால் பார்த்து, ராஸின் காதருகே...'

வரவில்லை. சனிக்கிழமை உடை மாற்றும் அறைக்கு உமாபதி போனபோது, அங்கே அஸீம் சறுக்குக் காலணியின் கயிற்றைத் தப்புத் தப்பாகக் கட்டிக்கொண்டிருந்தார். பாய், உங்களுக்குச் சறுக்க வருமா என்று உமாபதி இந்தியில் மெதுவாகக் கேட்டார்.

"மாஃபி, சுத்தமா வராது," என்று கையை விரித்தார் அஸீம். "மேனேஜர் கேட்டார், வரும்னு சொல்லிட்டேன். உனக்கு?"

உமாபதி அவருடைய கயிற்றை அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டார். அதுவே பதிலாக இருந்தது.

5

பனியில் கால் வைத்த கணத்தில் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வழுக்கிக்கொண்டே கொஞ்ச தூரம் போய் நின்றார்கள். பக்கவாட்டுச் சுவர் கைக்கு எட்டாமல் ஒரு முழம் தள்ளி இருந்தது. கையை உதறி, அந்த வேகத்தில் சுவரைப் பிடித்தால் ஒருவர் நின்றுவிடலாம். மற்றவர் ராஸ் கண்ணெதிரே விழுவது நிச்சயம்.

நடுத்தளத்திலிருந்து ராஸ் மட்டையை உயர்த்தினார். "யல்லா. ஒருத்தர் வாங்க."

உமாபதி விழுகிறார், ராஸ் சிரித்துக்கொண்டே வேலையை உறுதி செய்கிறார். வார இதழுக்கு ஏற்ற முடிவு. ஆனால் அஸீம்?

உமாபதி உண்மையைச் சொல்கிறார், ராஸ் நெகிழ்கிறார். இந்த ஒரு விஷயத்தில் கனடாக்காரர் நெகிழ்வார் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

உமாபதி கையை உதறுகிறார். இதை எழுதியும் விட்டேன். எழுதிய பிறகுதான் அஸீமுக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருப்பார்களே என்று தோன்றியது. அடித்துவிட்டேன்.

இருவர் விரல்களும் மரத்துவருகின்றன. யார் முதலில் விடுவது? நான் சொல்லப்போவதில்லை, நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம். ராஸ் மறுபடி கூப்பிடுகிறார்.