நல்ல கிருமி

என் மகளுக்குப் பால் ஆகாது. ஒரு சொட்டு உள்ளே போனாலும் உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். இது என் தங்கைக்குத் தெரியாதா? நான் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்பவளே அவள்தான். அப்படிப்பட்டவள் மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு, "குடலச் சரி பண்ணா அலர்ஜி தானாப் போயிடும்னு படிச்சேன்க்கா" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க படிச்ச? போன்லயா?"

"வயித்துல நல்ல கிருமி கொறஞ்சாத்தான் அலர்ஜி வருதாம். அதான் அந்தக் கிருமி இருக்கற கேப்சூலப் பிரிச்சு ஜூஸ்ல கலந்து குடுத்தேன். மத்த புள்ளைங்க ஐஸ்கிரீம் திங்கறதையே பாத்துக்கிட்டு நிக்குது, பாவமா இருந்துச்சு."

"வாய மூடு. நீ பாவம் பாத்ததுக்குத்தான் ஊசி போட்டுப் படுக்க வெச்சிருக்காங்க."

டாக்டர் வெளியே வந்தார். மூச்சு சீராகிவிட்டது, சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். தங்கை சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

"குடலுக்கும் அலர்ஜிக்கும் தொடர்பு இருக்கும்மா. ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்கு. ஆனா கேப்சூல்ல தீர்ற கட்டத்துக்கு இன்னும் வரல. இதுல பால் ஏதாவது சேத்திருப்பாங்க. பெட்டி இருக்கா?"

"பெட்டி தரல டாக்டர். இதுல நான் படிச்சுப் பாத்தேன், ஒண்ணும் எழுதல." கைப்பையிலிருந்து கேப்சூல் பட்டையை எடுத்து நீட்டினாள். மருந்தின் பெயரும் தேதியும் மட்டும் இருந்தன. ஓரம் கோணலாக வெட்டியிருந்தது.

நான் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். எங்கள் கடையில் பெட்டியை யாருக்கும் கொடுப்பதில்லை. கேட்ட அளவு கத்தரித்துக் கவரில் போட்டுக் கொடுப்போம். போன வாரம் இவள் வந்து, தனக்கு வயிறு சரியில்லை என்று பொய் சொன்னாள். கடையில் கூட்டம். நான்தான் வெட்டிக் கொடுத்தேன். வீட்டுக்கு வரும் பிஸ்கட் பாக்கெட்டை மூன்று முறை படிக்கிற நான், அந்தப் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைக்குப் போன் போட்டேன். கூட வேலை செய்பவள் பெட்டியைத் தேடி எடுத்துப் படித்தாள். "அடியில பொடி எழுத்துல இருக்குக்கா. பால் புரதம் கலந்தது."

அதற்குள் என் கணவர் வேலையிலிருந்து ஓடி வந்துவிட்டார். வந்ததும் வராததுமாகத் தங்கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத. புள்ளையத் தொடாத. எந்தக் கடையில குடுத்தாங்க உனக்கு இந்தக் கண்றாவிய?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் பக்கம் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்காமல் நிற்கிறாளே என்று அதற்கும் எனக்கு ஆத்திரம் வந்தது. பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"எங்க கடையிலதான்," என்றேன். "பெட்டியப் படிக்காம வெட்டிக் குடுத்தவ நான்தான். வரக்கூடாதுன்னு சொல்றதுன்னா எனக்கும் சேத்துச் சொல்லுங்க."

அவர் என்னையே பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"கடைக்கு வர்ற மத்த புள்ளைங்களுக்கும் இப்படித்தான் குடுக்கறியா?"

எட்டு வருஷமாக அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.