கட்டிலோடு இழுக்கும் கார்

கரவனை இழுக்க ஒரு கார் வேண்டும் என்றேன். கராஜ்காரர் கடுஃப் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

“வெறுமையாகவா, சாமான் ஏற்றியா?”

“ஏற்றி.”

“ஏற்றினால் எவ்வளவு?”

தெரியவில்லை என்றேன்.

“நிறுத்துக்கொண்டு வாருங்கள். பிறகு பார்க்கலாம்.”

எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். நிறுப்பதுதான் என் தொழில். பேராதனையில் இரசாயனம் படித்துவிட்டு வெளிநாடு வந்து, கூர் என்ற மலைநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் நாள்முழுக்கத் தூளும் திரவமும் நிறுக்கிறவன். கரவனின் எடை தெரியாது. ஆனாலும் வெட்கம் வரவில்லை. எண்பத்தேழாம் ஆண்டு எனக்கு எதுவுமே வரவில்லை.

கரவன் என் மனைவி ஜெயகௌரியின் வேலை. மருத்துவமனையில் அவளோடு வேலை செய்த தாதி ஒருத்தி விற்றதை முந்தின வருடம் வாங்கிவிட்டாள். எங்களிடம் கார் கிடையாது. கார் இல்லாத வீட்டுக்குக் காருக்குப் பின்னால் பூட்டுகிற குட்டி வீடு. கேட்டதற்கு, “பின்பக்கம் முதல்ல வரட்டும், முன்பக்கம் பிறகு வரும்” என்றாள்.

லூட்சி என்ற விவசாயி அதைத் தன் டிராக்டரில் பூட்டி இழுத்துப்போய், ரைன் ஆற்றோரம் இருந்த தன் புல்வெளியில் நிறுத்தினார். அந்தக் கோடையில் சனி ஞாயிறெல்லாம் அங்கேதான். சைக்கிளில் போவோம். ஒவ்வொரு முறையும் ஜெயகௌரி ஏதோ ஒரு சாமானைக் கொண்டுபோய் உள்ளே வைப்பாள். பொரியல் மணம் திரைச்சீலையில் பிடிக்கும் என்று, வெளியே வைத்துச் சமைக்க இரும்புக் கம்பிகளோடு ஒரு முன்கூடாரம் வாங்கினாள். அடுத்த கோடைக்கு மலையைக் கடந்து தெற்கே டெசின் ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போவோம் என்றாள்.

பெப்ரவரியில் வேலையில் நிற்கும்போது தலையிடிக்கிறது என்று உட்கார்ந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. அன்றைக்கே முடிந்துவிட்டது.

எங்கள் மகள் சுமித்ராவுக்கு ஐந்து வயது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, ஜெயகௌரியின் தமையன் வரதராசா பிள்ளையைத் தான் இருந்த ஓஸ்டர்முண்டிகனுக்குக் கூட்டிப் போனார். கொஞ்ச நாளைக்கு என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜூன் வந்தது. அவள் இன்னும் அங்கேதான் இருந்தாள். நான் சனிக்கிழமை ரயிலேறிப் போவேன், ஞாயிறு பின்னேரம் திரும்புவேன். ஆகஸ்டில் கிண்டர்கார்ட்டன் தொடங்கும். எந்த ஊரில் பதிகிறோமோ அந்த ஊரில்தான் அவள் வளர்வாள். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

வரதராசா நல்ல மனிதர். அதுதான் சிக்கல். என்னை ‘மச்சான்’ என்று கூப்பிட்டால் பகிடி, விளையாட்டு. ‘தம்பி’ என்றால் ஏதோ முடிவெடுத்துவிட்டார்.

“தம்பி,” என்றார் நான் கடுஃபிடம் போன வாரத்து ஞாயிறு, “நான் பெரிய வான் ஒண்டு எடுக்கப்போறன். என்ர காரை நீர் கொண்டுபோம். சும்மாதான்.”

“எனக்குக் கரவனை இழுக்கவேணும், அண்ணை.”

“இழுக்கும். விசாரிச்சிட்டன். ஐந்நூறு கிலோ இழுக்கும். உம்மட பெட்டி நானூற்றி எண்பது எண்டு பத்திரத்தில கிடக்கு. சரிதானே?”

“அது வெறும் பெட்டியின்ர நிறை.”

“அப்ப வெறும் பெட்டியா இழும். ஒற்றை ஆளுக்கு என்னத்துக்கு அவ்வளவு சாமான்?”

ஒற்றை ஆள். சுமித்ரா மேசைக்கு அடியில் இருந்து எதையோ கீறிக்கொண்டிருந்தாள். பென்சில் நின்றது.

அவருடைய மனைவி பரமேஸ்வரி அண்ணி தேத்தண்ணியோடு வந்தார். “வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியமுன்னம் நீர் வெளியில புது வாகனம் எடுக்கக்கூடாது. இவற்ர கார் எண்டா வீட்டுக்குள்ள கைமாறுது. ஒரு குற்றமும் இல்லை.”

“நானும் பழசுதான் பாக்கிறன், அண்ணி.”

“பழசெண்டாலும் உமக்குப் புதுசுதானே.”

“இதெண்டாக் கிழமைக்கொருக்கா வந்து பிள்ளையைப் பாத்திட்டுப்போகச் சுகம்,” என்றார் வரதராசா.

வெள்ளை நிறச் சின்னக் கார். இரண்டு கதவு. பின்னால் ஏறுவதென்றால் முன் இருக்கையை மடித்துவிட வேண்டும். ஒரு தகப்பன் வந்துபோவதற்குப் போதும். தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து இருப்பதற்குப் போதாது.

“முதல்ல நிறுப்பம்,” என்றேன்.

“என்னத்தை?”

“கரவனை.”

அவர் சிரித்தார். “விஞ்ஞானி! என்ன, மாடு நிறுக்கிற மாதிரியே?”

“மாடு நிறுக்கிற தராசிலதான்.”

அடுத்த சனிக்கிழமை நான் ரயிலேறவில்லை. அவர் காரோடு வந்தார். கொழுக்கி ஏற்கெனவே பூட்டியிருந்தார். சுமித்ராவும் வந்திருந்தாள். பின் இருக்கையில் அவளைச் சுற்றி வெறும் வாழைப்பழப் பெட்டிகள். சாமான் இறக்குவதற்கு.

பெப்ரவரிக்குப் பிறகு நான் கரவனைத் திறக்கவில்லை. வரதராசா திறந்தார். முன்கூடாரம், கம்பிக்கட்டு, இருபத்தைந்து கிலோ அரிசிப் பை இரண்டு, காஸ் சிலிண்டர், தோசைக்கல், பானைகள், மடக்குக் கதிரைகள், கம்பளிகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் புல்லுக்கு வந்தன. கதவோரம் ஜெயகௌரியின் ரப்பர் சப்பாத்து நின்றது. அதில் பழைய சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வரதராசா படியில் உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. அதுவும் என்மேல் அவர்களுக்கு இருந்த குறைகளில் ஒன்று.

பிறகு மூக்கைச் சீறிவிட்டு, சப்பாத்தை வாழைப்பழப் பெட்டிக்குள் வைத்தார்.

ஊரின் பாற்கூடத்துக்கு முன்னால் நிலத்தோடு பதித்த தராசு இருந்தது. சந்தை நாட்களில் மாடு நிறுப்பார்கள். அதன் பூட்டுத் திறப்பு லூட்சியிடம் இருந்தது. டிராக்டரால் கரவனைத் தட்டில் ஏற்றிவிட்டுக் கழற்றினார். சின்ன அறைக்குள் போய்ப் படிக்கற்களைத் தள்ளிப் பார்த்தார்.

“ஐந்நூற்று நாற்பது!”

“பிழை,” என்றார் வரதராசா தமிழில். “உது மாட்டுத் தராசு.” பிறகு ஜேர்மனில் இன்னொருமுறை நிறுக்கச் சொன்னார்.

இன்னொருமுறையும் ஐந்நூற்று நாற்பது. லூட்சி வெளியே வந்து கரவனின் கதவைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

சுமித்ரா தன் கட்டிலில் சப்பாத்தோடு படுத்திருந்தாள். கண்களை இறுக்க மூடியிருந்தாள்.

“இறங்கு பிள்ளை, நிறுக்கிறம்,” என்றார் வரதராசா.

“என்னையும் நிறுங்கோ.”

“உன்னை இதுக்குள்ள சேர்க்கேல்லை. இறங்கு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தராசைப் பார்த்தேன். இறங்கினாள்.

ஐந்நூற்று இருபது.

“அப்பவும் இருபது கூட,” என்றார் வரதராசா. “பத்திரத்தில இல்லாத நாப்பது கிலோ எங்கால வந்தது?” உள்ளே ஏறி, சுவரைத் தட்டினார், தரையை மிதித்துப் பார்த்தார். கடைசியில் கட்டிலில் கை வைத்தார். “இந்தா கிடக்கு.”

அந்தக் கட்டில் கரவனோடு வந்ததல்ல. விற்ற தாதிக்குப் பிள்ளைகள் இல்லை. போன இலையுதிர்காலத்தில் நானும் ஜெயகௌரியும் பலகை வாங்கி அடித்தோம். மெல்லிய பலகை போதும் என்றாள். நான் தடித்த பலகைதான் வாங்கினேன். நாலு திருகாணி போதுமான இடத்தில் பன்னிரண்டு பூட்டினேன். உடையக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இல்லை. கீழே உடுப்பு வைக்க, இழுத்துத் திறக்கிற ஒரு லாச்சியும் அடித்தோம். “இதுக்கு மேல யானை படுக்கலாம்,” என்று ஜெயகௌரி நாள்முழுக்கச் சிரித்தாள்.

“இதைக் கழட்டினாச் சரி,” என்றார் வரதராசா. காரிலிருந்து ஸ்குரூட்ரைவரை எடுத்து வந்து முழங்காலில் இருந்தார். முதல் ஆணி கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தது.

சுமித்ரா பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மாமா, அது என்ர.”

“உனக்குத்தான் அங்க நல்ல கட்டில் கிடக்கே, ராசாத்தி.”

“அது அக்காவின்ர கட்டில்,” என்றாள். அக்கா என்றது வரதராசாவின் மகளை.

அவர் இரண்டாவது ஆணியில் ஸ்குரூட்ரைவரை வைத்தார்.

“அண்ணை,” என்றேன், “கழட்டினதைத் திருப்பிப் பூட்டுங்கோ.”

“என்ன?”

“பூட்டுங்கோ. சாமான் எல்லாத்தையும் ஏத்துவம்.”

“உமக்கு விசரே? என்ர கார் இழுக்காது.”

“ஓம். இழுக்காது.”

“அப்ப?”

“இழுக்கிற கார் எடுக்கிறன்.”

“ஆட்டைத் திவசம் முடியாமல்...”

“ஆட்டை பெப்ரவரியில. கிண்டர்கார்ட்டன் ஆகஸ்டில. திங்கட்கிழமை கூரில பதியிறன். பிள்ளை இனி என்னோட.”

அவர் எழும்பினார். கரவனின் கூரை தலையில் இடித்தது. தலையைத் தடவிக்கொண்டே கத்தினார். “வேலைக்குப் போகேக்க ஆர் பாக்கிறது? நீரோ?”

“ரண்டு மணிக்கு எனக்கு வேலை முடியும். அதுவரைக்கும் கீழ்வீட்டு மனிசி பாத்துக்கொள்ளுவா.”

“பொம்பிளைப்பிள்ளை. உமக்குத் தலை பின்னத் தெரியுமே?”

“தெரியாது. பழகுறன்.”

“என்ர தங்கச்சி இருந்தா இப்பிடி என்னோட கதைப்பீரோ?”

“அவள் இருந்தா அவளே உங்களோட கதைச்சிருப்பாள். நான் பேசாமல் இருந்திருப்பன்.”

வெளியே ஒருவர் கன்றுக்குட்டியோடு காத்து நின்றார். உங்கள் சண்டை நீளமானதா என்று லூட்சி கேட்டார். கன்றுக்குப் பசிக்கிறதாம்.

வரதராசா மறுபடி முழங்காலில் இருந்து ஆணியைப் பூட்டினார். நான் பூட்டியதைவிட இறுக்கமாகப் பூட்டினார். கன்றை முதலில் நிறுத்து அனுப்பினார்கள். பிறகு லூட்சியின் டிராக்டர் பின்வண்டியில் சாமானெல்லாம் தராசடிக்கு வந்தது. அரிசிப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு வரதராசா முணுமுணுத்தார். “டெசினில அரிசிக்கடை போடப்போறார் மச்சான்.” மச்சான் என்றார். நான் கவனித்தேன். சப்பாத்தைக் கதவோரம் பழைய இடத்தில் அவரே வைத்தார்.

“நீயும் ஏறு,” என்றேன் சுமித்ராவிடம்.

எழுநூற்று முப்பது.

வரதராசா வெறும் பெட்டிகளோடு தனியாகத் திரும்பிப் போனார். புறப்படும்போது கண்ணாடியை இறக்கினார். “அண்ணிக்கு நீரே ரெலிபோன் எடுத்துச் சொல்லும். நான் சொல்லமாட்டன்.”

எடுத்தேன். அண்ணி நிறையப் பேசினார். முடியும்வரை கேட்டேன். பிள்ளையின் உடுப்பைத் தபாலில் அனுப்பச் சொன்னேன்.

திங்கட்கிழமை கிண்டர்கார்ட்டனில் பதிந்தேன். அன்று பின்னேரமே சுமித்ராவோடு கடுஃபிடம் போனேன்.

“எழுநூற்று முப்பது. எல்லாம் ஏற்றி, பிள்ளையும் கட்டிலில்.”

“ஓடும்போது பிள்ளை காரில்தான் இருக்க வேண்டும்.”

“தெரியும். நிறுத்தபோது உள்ளே இருந்தாள்.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. மூன்று கார் காட்டினார். முதலாவது நீளமான, பளபளப்பான கார். பின்சில்லுக்குப் பின்னால் உடம்பு நீண்டிருந்தது. கொழுக்கியில் பாரம் ஏறினால் பின்பக்கம் குந்தி, முன்பக்கம் தூக்கும் என்றார். இரண்டாவது கரவனைவிடக் கொஞ்சம்தான் பாரம் கூடியது. இறக்கத்தில் கரவன் காரைத் தள்ளுமா, கார் கரவனைப் பிடிக்குமா என்பதுதான் முக்கியம், இழுப்பது பெரிய விஷயமில்லை என்றார். யாரும் எனக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. மூன்றாவது பச்சை நிறச் சுபாரு ஸ்டேஷன் வாகன். நாலு சில்லும் இழுக்கும். மலையில் ஒரு விவசாயி வைத்திருந்தது. உள்ளே நாய் மணந்தது.

“மணம் போகாது,” என்றார் கடுஃப். “நான் கழுவிப் பார்த்துவிட்டேன்.”

சுமித்ரா பின்கதவைத் தானே திறந்து ஏறினாள். சாத்தினாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள்.

“இது,” என்றேன்.

கரவனைப் பூட்டி, லென்சர்ஹைடே ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். பாதி ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார். கைபிரேக் போட்டேன். “இப்போது எடுங்கள்.” எடுத்தேன். பின்னால் ஒரு குலுக்கல், பிறகு எல்லாம் சேர்ந்து நகர்ந்தது. அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

ஜூலையில் வரதராசா ரெலிபோன் எடுத்தார். தபாலில் வந்த உடுப்போடு தலைக்குக் கட்டும் இரண்டு றிபன் வந்திருந்தன. அவர் பயணத்தைப் பற்றிக் கேட்டார்.

“எப்ப வெளிக்கிடுறீர்?”

“செவ்வாய்க்கிழமை மூண்டு மணிக்கு.”

“இராகு காலம்!”

“ஓம்.”

“வேணுமெண்டே செய்யிறீர்.”

“வேலை முடிஞ்சு வர அந்த நேரம்தான் சரி. வேணுமெண்டும்தான்.”

“சில்லுக்குக் கீழ தேசிக்காயாவது வைச்சு நசிப்பீரோ? நாலு...” நின்றார். “கரவனுக்கும் சில்லு இருக்கென்ன. ஆறு.”

“வைக்கமாட்டன், அண்ணை.”

“ஆண்டவனே! பிள்ளையிட்டக் குடும்.”

கொடுத்தேன். அவள் நெடுநேரம் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரெலிபோனை வைத்ததும், “மாமா தேசிக்காய் வைக்கச் சொன்னவர்,” என்றாள்.

“வைக்கிறேல்லை.”

“நானும் அப்பிடித்தான் சொன்னனான்.”

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அவளுடைய தலையைப் பின்னினேன். ஒரு பின்னல் மேலே, ஒரு பின்னல் கீழே. அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் காரில் போய் ஏறினாள். புறப்பட்டோம்.

தூசிஸ் கடந்ததும் பாதை ஏறத் தொடங்கியது. இரண்டாம் கியர். சான் பெர்னார்டினோ மலைக்கு இன்னும் நெடுந்தூரம் இருந்தது. சுமித்ரா பின் இருக்கையில் முழங்காலில் நின்று, கரவனுக்கு அப்பால் வளைவுகளில் தெரிகிற பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அப்பா, பின்னால கனக்கக் கார்.”

“வரட்டும்.”

“ஹோன் அடிக்கினம்.”

“அடிக்கட்டும்.”

“ஒராள் கையைக் காட்டி ஏசுறார்.”

“நீயும் கையைக் காட்டு.”

அவள் காட்டினாள். வளைவு வந்தது. ஒதுங்க இடம் இருந்தது, நான் ஒதுங்கவில்லை.