எந்த மாமா வாராங்க

கரண்டியில் சீலா மீன் துண்டு ஆறிக்கொண்டிருந்தது, ஜெபசீலி அதைப் பிடித்தபடியே மேசைக்குப் பக்கத்தில் நின்றாள், இன்னொரு துண்டு வைக்கட்டுமா என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது, கணவர் அருள்தாஸின் வழுக்கை, மகள் பியூலாவின் வகிடு, மருமகன் ரூபனின் சுழி, இவ்வளவுதான் தெரிந்தது, யாராவது பதில் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம், காது கேளாதவளிடம் உச்சந்தலை என்னத்தைப் பேசும், உதடு தெரிந்தால்தானே அவளுக்குப் பேச்சு, அந்த உதடுகளெல்லாம் போனுக்குள் கவிழ்ந்து கிடந்தன. காது போனபோது தூத்துக்குடியில் மழைக்காலம், பியூலா ஒன்றாம் வகுப்பு, ஜெபசீலிக்கு மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதையும் கொண்டுபோயிற்று, ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறாள், அருள்தாஸ் வாயை வாயை அசைக்கிறார், ஒன்றும் விளங்கவில்லை, மீசைதான் மேலும் கீழும் போகிறது, துறைமுகத்தில் அவருக்கு மீசை அருள் என்றே பெயர், மறுநாள் அதை மழித்துவிட்டு வந்து கட்டிலருகே உட்காருகிறார், மேலுதடு உரித்த கோழி மாதிரி வெளிறியிருக்கிறது, அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சிரி, நல்லாச் சிரி, இப்ப நான் என்ன சொல்லுதேன்னு பாரு, அவள் உதட்டிலிருந்து படித்த முதல் பேச்சு அதுதான். பிறகு சாயங்காலம்தோறும் குழல்விளக்குக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு அவர் பேசுவார், பியூலா முக்காலியில் ஏறி நின்று அம்மா கன்னத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்புவாள், அம்மா இங்க பாரு, என்ன மட்டும் பாரு, கரண்டு போனால் மெழுகுவத்தியை மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு அப்பாவும் மகளும் பேய் மாதிரி நின்று பேசுவார்கள், அவளை இருட்டில் தனியே விட்டதேயில்லை.

போன் வந்தபோது அவளும்தான் மகிழ்ந்தாள், பொய் சொல்லக் கூடாது, மீன்காரிக்கும் தையல்காரிக்கும் தானே எழுதி அனுப்ப முடிந்தது, துணைக்கு ஆள் தேட வேண்டாம், ஆனால் வீட்டிலிருந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கீழே போகத் தொடங்கின, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே குழம்பில் உப்பு குறைவு என்று அருள்தாஸ் எழுதி அனுப்பினார், மீசையும் மெல்ல மெல்லத் திரும்பி வந்து மேலுதட்டை மூடிக்கொண்டது, என்னங்க இது என்று கேட்டதற்கு, அதான் மெசேஜ் இருக்கே என்று அதையும் எழுதித்தான் அனுப்பினார், அவளுக்கு எரிச்சலில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது பியூலா அப்பாவைப் பார்த்து ஏதோ சொன்னாள், தலை முழுதாக நிமிரவில்லை, ஜெபசீலிக்கு ஒரே ஒரு சொல்தான் அகப்பட்டது, மாமா, அருள்தாஸ் எழுந்து போய் ரூபனின் தோளைத் தட்டினார், மூவரும் சிரித்தார்கள், எந்த மாமா வாராங்க, நாசரேத் மாமாவா, இருக்கிற சோறு பத்துமா, அவள் கேட்டதும் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள், சிரித்தபடியே மறுபடி குனிந்தார்கள், அருள்தாஸ் மட்டும் போனை விரலால் தட்டிக் காட்டினார், குரூப்புல போட்டிருக்கு, பாரு. அவளுடைய போன் அடுப்படியில் கிடந்தது. போய் எடுத்திருக்கலாம், எடுக்க மாட்டேன் என்று தோன்றிற்று, கரண்டியைச் சட்டியில் போட்டாள், குழம்பு தெறித்தது, குரூப்புல போய்ப் பாக்க நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா, வாயத் தொறந்து சொல்ல உங்க யாருக்கும் வலிக்கா, தன் குரல் எவ்வளவு உயர்ந்ததென்று அவளுக்குத் தெரியாது, ரூபன் திடுக்கிட்டதைப் பார்த்துக் கத்திவிட்டோம் என்று தெரிந்தது, அருள்தாஸ் சமாதானமாக எதையோ எழுதத் தொடங்கினார், தட்டாதீங்க, இன்னொரு எழுத்து தட்டுனா அத இந்தக் குழம்புக்குள்ள போடுவேன், என்றவள் மகளின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள், விரலில் இருந்த மசாலா அங்கே ஒட்டிக்கொண்டது, சொல்லுட்டி.

பியூலாவின் கண் கலங்கியிருந்தது. மாமா இல்லம்மா, பாப்பா. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும், மகள் வயிற்றில் கை வைத்துக் காட்டிய பிறகுதான் நாசரேத் மாமா அவள் மனசிலிருந்து மறைந்துபோனார். ஊரு பூரா எழுதத் தெரிஞ்சுதே, எனக்குச் சொல்ல என்ன கேடு, என்று கேட்டாள், பயமா இருந்துச்சும்மா, போன தடவ உன் மூஞ்சியப் பாத்துதான் சொன்னேன், பிறகு அது தங்கலன்னு சொல்லவும் அதே மூஞ்சியத்தான் பாக்க வேண்டியிருந்துச்சு, நீ ஒண்ணுமே பேசல, ஆனா உன் மூஞ்சி, இன்னொரு மட்டம் என்னால பாக்க முடியாதும்மா, அதான் எழுதிட்டேன். மகள் அதைச் சொன்ன அந்த மத்தியானத்தில் ஜெபசீலி மறுபடி நிற்கிறாள், வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மகளுக்கு முன்னால் அழக் கூடாதென்று பல்லைக் கடித்தபடி, ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

கோபம் மட்டும் போகவில்லை. அதுக்காக, உன் மாமியார் வீட்டு ஆளெல்லாம் எனக்கு முன்ன படிக்கணுமா, நல்லதோ கெட்டதோ என் மூஞ்சிலதான் கொண்டாந்து போடணும், வேற எங்கட்டி போவ. மேசையில் போன்கள் அதிர்ந்து அதிர்ந்து தட்டுகளை நோக்கி நகர்ந்தன, வாழ்த்துகளாக இருக்கும், ஒருவரும் எடுக்கவில்லை. பியூலா மறுபடி ஏதோ சொன்னாள், அழுகையில் உதடு கோணிக்கொண்டது, சொல்லெல்லாம் குழைந்துபோயிற்று. அழுதா எனக்கு ஒண்ணும் விளங்காது, மூக்கத் தொடச்சுட்டு ஒழுங்காச் சொல்லு. பியூலா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டாள், நிதானமாக முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.