வெந்நீரில் நனைந்த கொடி

கொடியைக் கெடுத்தது எர்ச்சி மென்மூர்தான். அதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு கையில் ஆவி பறக்கும் கறிச்சாற்றுக் குவளை, மறு கையில் சுவரிலிருந்து கழற்றிய கொடி, காலுக்கடியில் ஆடும் முக்காலி. மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளிப்பவன் சர்க்கஸில் சேரலாம். எர்ச்சி முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். ஓடுகிற வண்டியில் விழாத நான் இதிலா விழப்போகிறேன் என்று நினைத்தான். விழவில்லைதான். கறிச்சாறு விழுந்தது. முழுக்கக் கொடி மேல்.

கிரெய்க்டூரி ஊரின் திசில் கால்பந்துச் சங்கம் லீக்கை வென்றது ஒரே ஒரு தடவை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், சுரங்கங்களைப் பூட்டி ஊரே பட்டினி கிடந்த கோடையில். ஜெயித்த சங்கம் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் கொடியை ஏற்றிவிட்டு மடித்து வைப்பதுதான் வழக்கம். இவர்களுக்கு மடித்து வைக்க மனசில்லை. அடுத்த கொடி வந்தால் இதை விட்டுவிடலாம் என்று காத்திருந்தார்கள், வரவில்லை. ஆகவே ஒவ்வொரு பருவமும் திசிலின் நிறமான அதே கருஞ்சிவப்பில் அதே கொடிதான். அதைத் துவைக்கக் கூடாது என்று ஒரு சாங்கியம் வேறு. துவைத்தால் அதிர்ஷ்டம் போய்விடுமாம். எந்த அதிர்ஷ்டம் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த லீக்கை வென்று கொடுத்த கோலைப் போட்டவர் எர்ச்சியின் அப்பா, மறைந்த நீல் மென்மூர். எர்ச்சிக்கு அதுதான் சொத்து. சங்கத்தின் வரலாற்றாசிரியராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டு, ஆட்டத்தன்று விற்கும் நாலு பக்க இதழில் ஒரு பக்கத்தை அந்தக் கோலைப் பற்றியே எழுதி நிரப்பினான். படித்தவர்கள் குறைவு. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதில்லை, பழகிவிட்டது.

கோலிலும் ஒரு வழக்கு இருந்தது. கடைசி ஆட்டம், மேட்டுக்கு அந்தப்பக்கத்து ஊரான பால்மெர்ரியின் விக்டோரியா சங்கத்தோடு. ஜெயித்தால் திசில், சமன் என்றால் விக்டோரியா. கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து மைதானத்தை விழுங்கிவிட்டது. நீல் அடித்தார். வலையோ கிழிசல், பந்து பின்னால் கிடந்தது. வலைக்குள்ளே போனதா, கம்பத்துக்கு வெளியே போனதா? ரெஃபரிக்குத் தன் மூக்கே தெரியவில்லை. விக்டோரியாவின் கோல்கீப்பர் ராப் கிளெஃபேனைக் கேட்டார். ‘வெளியே’ என்றார் ராப். திசில் மேல்முறையீடு செய்தது. அதற்குள் சுரங்கங்கள் மூடின, லீக் கமிட்டி கலைந்தது. கடைசியில் தீர்ப்பு நமக்குத்தான், கொடி தபாலில் வந்தது என்பது கிரெய்க்டூரியின் கட்சி. ‘எங்க கொடியத் திருடின திருட்டுப் பசங்களா’ என்பது பால்மெர்ரியின் கட்சி. ‘பால்மெர்ரியில் கொடி காணோமாம், கம்பமாவது இருக்கிறதா பாருங்கள்’ என்று எர்ச்சி வருஷா வருஷம் இதழில் நக்கலடித்தான்.

சனிக்கிழமை பருவத்தின் முதல் ஆட்டம். அதுவும் பால்மெர்ரியோடு. கொடியைக் கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டு தங்கை நெட்டா வீட்டுக்கு ஓடினான். வெந்நீர், சோப்பு, கொஞ்சம் பிரார்த்தனை.

தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த மாதிரி ஆயிற்று. கொடி வெளுத்தது. வெளுத்து, திட்டுத்திட்டாகப் பச்சையாயிற்று. விக்டோரியாவின் பச்சை.

நெட்டா எட்டிப் பார்த்தாள். “அட கடவுளே. அப்போ அவனுங்க கத்துறது நெசமா?”

“வாய மூடு. ஜன்னலையும் மூடு.”

“அப்பா இதத் தூக்கிட்டு வந்திருப்பாரா அண்ணே?”

“நம்ம அப்பா பக்கத்து வீட்டு ஏணிய எடுத்தாலே மூணு தடவ கேட்டுட்டு எடுப்பாரு!”

“அப்போ கொடி ஏத்துற அன்னிக்கு மட்டும் அவருக்கு எப்படி முதுகுவலி வரும்? எல்லாரும் மைதானத்துக்குப் போவாங்க, இவரு பின்னாடி உருளைக்கிழங்கு தோண்டிட்டு இருப்பாரு. முதுகுவலிக்காரன் கிழங்கு தோண்டுவானா?”

ஐம்பது வருஷம் ஒரு கோலை ஆராய்ந்தவன் இந்தக் கிழங்கை ஆராயவில்லையே என்று எர்ச்சிக்குத் தன் மேலேயே ஒரு கோபம்.

மறுநாள் சங்கத் தலைவர் முங்கோ ஹாடோவிடம் போனான். வயசானவர், எதற்கும் நேராகப் பதில் சொல்லாமலே தலைவர் ஆனவர்.

“நம்ம கொடி தபால்லதான் வந்துச்சா தலைவரே?”

முங்கோ குழாயில் புகையிலையை அடைத்தார். “ஏன் கேக்குற?”

“இதழ்ல என் பக்கத்துக்கு எழுதத்தான்.”

“அம்பது வருஷமா எழுதுன. இப்ப என்ன புதுசா?”

“தபால்காரன் பேரு போடலாம்னு…”

“யாரு அனுப்பி வந்த நீ? பால்மெர்ரிக்காரன் எவனாவது உனக்கு பீர் வாங்கிக் குடுத்தானா?”

“ஐயையோ, எனக்கு நம்ம ஊருக்காரனே வாங்கிக் குடுக்க மாட்டான்!”

முங்கோ சிரிக்கவில்லை. “உங்க அப்பா நல்ல மனுஷன் எர்ச்சி. அத்தோட விட்ரு. கொடிய சனிக்கிழமை காலைல கொண்டாந்து மாட்டு.”

நல்ல மனுஷன், அத்தோட விட்ரு. களவாணியின் மகனிடம்தான் ஊர் இப்படிப் பேசும். வெளியே வந்தால் தெருவே ஒரு மாதிரித் தெரிந்தது. இறைச்சிக்கடைக்காரன் இன்று ஏன் முதலில் வணக்கம் சொன்னான்? பாதிரியார் ஏன் சொல்லவில்லை? எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது என்று தோன்றியது. இதற்கிடையே எர்ச்சி கொடியை ஒளித்துவைத்து எதிராளிக்கு விலைபேசுகிறான் என்று ஊரில் பேச்சு எழுந்து, சாயங்காலமே நெட்டாவின் காதுக்கு வந்தது.

அன்றைய கோல்கீப்பர் ராப் கிளெஃபேன் செத்துப் பல வருஷம். மனைவி இஷ்பெல் மட்டும் பால்மெர்ரியில் இருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் எர்ச்சி கொடியை வயிற்றில் சுற்றி, மேலே கோட்டை மாட்டி, பஸ் ஏறினான். பழைய சகா டிக்கெட் கொடுக்கும்போதே வயிற்றைப் பார்த்தான்.

“என்ன எர்ச்சி, மாசமா இருக்கியா?”

“கறிச்சாறு கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சு,” என்றான். அன்றைக்கு அவன் சொன்ன ஒரே உண்மை அது.

இஷ்பெல் கதவைத் திறந்தாள். குச்சி போல் இருந்தாள். பார்வை மட்டும் ஊசி. கேட்பதற்காக அவன் வழியெல்லாம் தயாரித்த முன்னுரை தொடங்குவதற்குள், கோட்டுக்குக் கீழே தொங்கிய பச்சைத் துணி விளிம்பை விரலால் பிடித்தாள்.

“வெந்நீர்ல போட்டியா?”

எர்ச்சி கோட்டை இழுத்து மூடினான்.

“குளுந்த தண்ணி மட்டும்தான்னு உங்க அப்பாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இந்த ஊரு மழையில அம்பது வருஷம் தாங்கின சாயம். மழை எந்த நாளு சூடா பெய்ஞ்சுது? உள்ள வா, வாசல்ல நின்னு பச்சையக் காட்டாத.”

தேநீர் வந்தது. எர்ச்சி கொடியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு குவளையை எடுத்தான். குவளையை அவள் தானே வாங்கி, கொடியிலிருந்து தள்ளி வைத்தாள்.

“இத தச்சது நான்தான். எங்க ஊரு ஜெயிச்சதுன்னு. ராப் அதப் பாத்துப் பாத்துத் தூங்கவே இல்ல. ஒரு நாள் அவனே கழட்டிட்டு வந்தான். சாயம் போடுன்னான். சுரங்கம் பூட்டுன காலம், ரெண்டு ஊருக்கும் நான்தான் அண்டாவுல சூப் காய்ச்சுவேன். அதே அண்டாவுல போட்டேன். மறுநாள் சூப்பு செவப்பா இருந்துச்சு. பீட்ரூட்னு சொல்லிட்டேன். உங்க ஊருக்காரன் ரெண்டாம் தடவ வாங்கிக் குடிச்சான்.”

“அப்போ அப்பா திருடல?”

“உங்க அப்பாவா? வேணாம் வேணாம்னாரு. ராப்தான் கையில திணிச்சான். வெளிய தெரிஞ்சா ராப்பை இந்த ஊருல உசுரோட விடமாட்டாங்கன்னு, உங்க அப்பா தன் ஆளுங்ககிட்டயே தபால்ல வந்துச்சுன்னுட்டாரு. கொடி ஏறும்போது நின்னா மூஞ்சி காட்டிக்குடுத்துடும்னு வீட்டுல இருந்துடுவாரு. அவருக்குப் பொய் வராது பாரு.”

எர்ச்சி மூக்கை உறிஞ்சினான். பிறகு, தன் கைக்குட்டை என்று நினைத்து, கொடியாலேயே துடைத்தான். இஷ்பெல் அதைப் பிடுங்கினாள்.

“அந்தப் பெரிய பானைய எடு. அலமாரி மேல சாயம் இருக்கு. நாளைக்கு ஏத்தணும்ல?”

அவன் பானையை எடுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரிடம் கேட்டு, ‘பனி தம்பி’ என்றும் ‘வலை கிழிசல் தம்பி’ என்றும் பதில் வாங்கிய கேள்வியைக் கடைசியாக ஒரு தடவை கேட்டான்.

“அம்மா. பந்து உள்ள போச்சா, இல்லையா?”

இஷ்பெல் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“போச்சு. ஒரு கஜம் உள்ள. அன்னிக்கு பூட்ஸைக் கழட்டுறதுக்கு முன்னாடியே ராப் எங்கிட்டச் சொல்லிட்டான்.”